சலவைக்கூடத்துச் சுக்கானக்காவுக்கு

கொதிநீரின் ஆவியிலும் குளிர்ந்த முகம் மாறாதவரே! கறை கண்டு முகம் சுளிக்காமல், கறை கரையும்வரை கை ஓயாமல், கட்டில்தோறும் வெண்மையை விரித்து வைத்தவரே! நோயில் கிடந்தோர் நொந்து புரண்ட படுக்கைகளையெல்லாம், நாளை நலம் பெறப்போகிறவருக்கு என்று நம்பி நேர்த்தியாக மடித்தவரே! மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மூத்த மடிப்பாளரே, எங்கள் முன்னத்தி ஏரே, பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய சுக்கானக்காவே!

இன்றோடு பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்த, துவைப்போரும் பிழிவோரும், உலர்த்துவோரும் மடிப்போரும், தள்ளுவண்டி தள்ளுவோருமாகத் திரண்டு நின்று நாங்கள் படிக்கும் மடல் இது. முறைப்படி பார்த்தால், இந்த இடத்திலிருந்து 'தாங்கள் பொறுமையின் சிகரம், தாங்கள் கடமையின் கடல்' என்று பக்கம் பக்கமாகப் போக வேண்டும். எழுதியும் வைத்திருந்தோம். ஆனால் முகத்துக்கு நேரே யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொன்னால், "சரி சரி, வேலையப் பாருங்க" என்று எழுந்து போகிறவர் தாங்கள். ஒத்திகையை ஒட்டுக்கேட்டுவிட்டு, "இத வாசிச்சீங்கன்னா நான் பின்வாசல் வழியா போயிடுவேன்" என்று மிரட்டியதும் மறக்கவில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இனி வருவது தங்களைப் பற்றியது அல்ல. யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிய கதை. தாங்களும் எல்லாரோடும் சேர்ந்து கேட்கலாம். பின்வாசலில் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தியாயிற்று.

அந்தப் பெண்மணியின் கணவர் படகோட்டி. ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் மோட்டார் படகு, சொந்தப் படகு. கல்யாணமான புதிதில், கூட்டம் இல்லாத நேரத்தில், அவர் மனைவியை ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய், சுக்கானின் கைப்பிடியை அவர் கையில் கொடுப்பாராம். "கையில வாங்கினதும் ஆறு மொத்தமும் அந்தக் கட்டையில வந்து நின்னு இழுக்கும். விடவே மனசு வராது" என்று பிற்பாடு அந்தப் பெண்மணியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த ஆசை அது. இடுப்பில் பிள்ளையோடு இந்தச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும், பிள்ளை வளர்ந்து தன்னைவிட உயரமாகிவிட்டபோதும், அந்த ஆசை அவரை விட்டுப் போகவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. படகோட்டி வீட்டில் இருக்கும்போது இன்னொரு படகோட்டி எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிறகு கணவரின் கண்ணில் கோளாறு வந்தது. முதலில் தூரத்து விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிந்தது. அப்புறம் பக்கவாட்டில் வருகிற படகு தெரியாமல் போயிற்று. ஒரு மாலை, துறையில் படகைக் கட்டும் கம்பத்தில் போய் மோதினார். ஆளுக்குச் சேதமில்லை, படகில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில், யாரும் கேட்காமலே, படகுத்துறை அலுவலகத்துக்குப் போய்த் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கே படகு கரையேறி வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து படுத்தது.

வாங்க ஆள் வந்தது. அவரும் கொடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தார். "கண்ணு போனவன் வீட்ல படகு எதுக்கு?" என்றார்.

"கண்ணு உங்களுக்குத்தான் போச்சு. படகுக்குப் போகலையே" என்றார் அந்தப் பெண்மணி. வந்த ஆள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் அவர் தன் ஆசையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னது. படகு மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும், அதைத் தான் ஓட்ட வேண்டும், கணவர் அதில் ஏறி உட்கார வேண்டும். மகளுக்கு அன்றே உற்சாகம் வந்துவிட்டது. இருசக்கர வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கற்றுக்கொண்டதை இங்கே படகு எஞ்சினில் காட்டினாள். அந்த வீட்டுச் சமையலறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், எது குழம்புச் சட்டி, எது கிரீஸ் சட்டி என்று மோந்து பார்த்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். கணவரோ படகின் அடிப்பலகையை விரல்நுனியால் தடவித் தடவி, வெடிப்பு கண்ட இடத்திலெல்லாம் பஞ்சு திணித்து அடைத்துக்கொண்டிருந்தார். "விக்கிறதுன்னாலும் நல்லபடியா இருக்கணும்ல" என்பார். தாயும் மகளும் அதற்கு மறுப்பே சொல்லவில்லை.

உரிமம் வாங்க இரண்டு தேர்வு. ஒன்று ஓட்டிக் காட்டுவது, இன்னொன்று வாய்மொழித் தேர்வு. வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். பணி ஓய்வு வயதைத் தாண்டிவிட்டால் புதிதாக உரிமம் தருவதில்லை என்பது அங்கே விதி. இந்த விதியைத் தெரிந்துகொண்டபோது அவருக்கு இரண்டே வாய்ப்புகள் மிச்சம் இருந்தன. இரண்டிலும் கோட்டை விட்டால், படகு முற்றத்தோடு சரி.

விதிப் புத்தகத்தை வாங்கி வந்து முதல் நாள் வீட்டில் உரக்கப் படித்தார். "எதிரெதிரே இரண்டு படகுகள் வந்தால்..." கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். காலமெல்லாம் தான் செய்த வேலை, இனித் தன்னால் செய்ய முடியாத வேலை, இன்னொருவர் வாயிலிருந்து பாடமாக வந்தது. அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண்மணி புத்தகத்தை மூடினார். அதற்கப்புறம் வீட்டில் அதைத் திறக்கவே இல்லை. மறுநாள் அது எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

வெளியிலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெரிய படுக்கை விரிப்பை ஒரே ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் முனையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். எதிரே நிற்பவரை எங்கள் கூடத்தில் 'எதிர்க்கை' என்போம். நல்ல எதிர்க்கை அமைவது நல்ல சம்பந்தம் அமைவது மாதிரி. இந்தப் பெண்மணிக்கு அமைந்த எதிர்க்கை, வாய் ஓயாத ஒரு விதவை. இஸ்திரி உருளைக்குப் பக்கத்துக் கம்பியில் விதிப் புத்தகத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அவர்தான் கேள்வி கேட்டார். கிட்டே வரும்போது கேள்வி, விலகிப் போய்த் திரும்பி வருவதற்குள் பதில். பதில் வராவிட்டால் விரிப்பைக் கையில் வாங்க மாட்டார்.

"ஒரு தடவை ஊதினா?"

"நான் வலது பக்கம் திரும்புறேன்."

"ரெண்டு தடவை?"

"இடது பக்கம்."

"விடாம அஞ்சு தடவை?"

"நீ என்ன பண்றேன்னே எனக்குப் புரியலப்பா."

"இது எங்க வீட்டுக்காரருக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்பார் எதிர்க்கை. இருவரும் சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை உதறுவார்கள்.

ஆவி பட்டுப் புத்தகம் ஊதி, ரொட்டி மாதிரி ஆயிற்று. கூடம் முழுக்கப் பாடம் ஏறிவிட்டது. உருளைக்காரர் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு என்று தானாக முணுமுணுப்பார். தள்ளுவண்டிக்காரர்கள் ஒருபடி மேலே போனார்கள். மருத்துவமனையின் குறுகலான நடைவழியில் எதிரெதிரே வண்டி வந்தால், வாயாலேயே "பாம்" என்று ஒரு தரம் ஊதிவிட்டு வலப்பக்கம் ஒதுங்குவார்கள். குறுக்கே வருகிற வண்டி வலப்பக்கத்திலிருந்து வந்தால் நின்று வழிவிடுவார்கள். தலைமைச் செவிலியர் ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்க என்ன, துறைமுகமா நடக்குது?" என்று கேட்டார். ஆனாலும் ஒன்று சொல்கிறோம், அறுவைச் சிகிச்சைக் கூடத்து வாசலில் அழுக்குத்துணி வண்டியும் சுத்தத்துணி வண்டியும் முட்டிக்கொள்வது அன்றோடு நின்றது. அந்தப் பெண்மணிக்குச் 'சுக்கானக்கா' என்று பெயர் வைத்ததும் அப்போதுதான்.

இவ்வளவு படித்தவர் முதல் தேர்வில் தோற்றார்.

ஓட்டிக் காட்டுவதில் குறையே இல்லை, அன்றே தேறிவிட்டார். வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டார். பச்சை விரிப்புப் போட்ட மேஜை, அதன்மேல் சின்னச் சின்னப் பொம்மைப் படகுகள், மேஜைக்கு அந்தப் பக்கம் தேர்வு அதிகாரி. கறாரான மனிதர். ஒரு பொம்மையை நகர்த்திவிட்டுக் கேட்டார்: "உங்க வலது பக்கத்துலேருந்து ஒரு படகு குறுக்க வருது. அதோட சிவப்பு விளக்கு உங்களுக்குத் தெரியுது. யார் வழி விடணும்?"

எங்கள் தள்ளுவண்டிக்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வார். ஆனால் அந்தப் பெண்மணிக்கு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. கேள்வி காதில் விழுகிறது, பதில் எங்கேயோ இருப்பதும் தெரிகிறது, நாக்கு மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் வேலைக்கு வந்தவர் தன் வாயை அடைத்த முதல் கேள்வியை மட்டும் சொன்னார்.  எதிர்க்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவர் கையில் திணித்தார், உதறினார், கிட்டே வரும்போது அதே கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் வழி விடணும். வலப்பக்கம் திருப்பி அவரோட பின்பக்கமா போகணும். அவருக்கு முன்னால குறுக்க போகக் கூடாது" என்று மூச்சுவிடாமல் பதில் வந்தது. சொல்லி முடித்ததும் அவருக்கே திகைப்பு. விரிப்பைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து அழுதார், அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்.

எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையில் துணி இல்லாமல் இவருக்கு வாய் திறக்காது. கூடமே கூடி யோசித்தது. இரண்டாவது தேர்வுதான் கடைசித் தேர்வு. தேர்வறைக்குள் படுக்கை விரிப்பைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள், கைப்பைக்குள் அடங்குகிற ஏதாவது வேண்டும் என்றார் உருளைக்காரர். அவரே, கழித்துப்போட்ட தலையணை உறை ஒன்றை எடுத்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி செய்து கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைத் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

வீட்டில் நடந்ததை மகள் பிறகு சொன்னாள். முதல் தோல்வி அன்று கணவர், "விடும்மா, எல்லாருக்கும் எல்லாமும் அமையாது" என்றாராம். ஆனால் தோற்ற காரணம் தெரிந்தபோது, "துணி மடிச்சுக்கிட்டேவா படிச்சா? வீட்ல படிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாராம்.   முற்றத்துக்கு எழுந்துபோன அந்த நாள் அவருக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தேர்வு போன மாதம். கிளம்பும்போது கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பஸ்ஸுக்குத் துணையா வரேன்" என்றார். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அந்த அலுவலகத்துப் பக்கமே போகாதவர். போய், தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் மகளோடு உட்கார்ந்தார்.

உள்ளே அதே பச்சை விரிப்பு, அதே பொம்மைகள், அதே அதிகாரி. முதல் கேள்வி வந்ததும் அந்தப் பெண்மணி தலையணை உறையை எடுத்தார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், தீர்ந்துவிட்டது. பிரித்து மறுபடி மடித்தார். பதில் வரவில்லை. தலையணை உறையை ஒரே ஆள் மடித்துவிடலாம். எதிரே யாரும் தேவையில்லை. அவர் ஒருநாளும் தலையணை உறை மடித்துக்கொண்டு படித்ததே இல்லை. காலமெல்லாம் துணியோடு புழங்கிய எங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெளியே பெஞ்சில் இருந்தவருக்குக் கேள்வி கேட்டது, பதில் கேட்கவில்லை. இரண்டாவது கேள்வி, அதற்கும் பதில் இல்லை. அவர் எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"ஐயா, உள்ள வரலாமா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க... யாரும் கேக்காமலே உரிமத்தத் திருப்பிக் குடுத்தவர்தானே?"

"ஆமாங்க. இவ என் சம்சாரம். அந்த மேஜை விரிப்பக் கொஞ்சம் தர முடியுமா? எதிர்ல ஒரு ஆள் பிடிச்சாத்தான் இவளுக்குப் பேச்சு வரும். நான் பிடிக்கிறேன்."

அதிகாரிக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகள்தான் எடுத்துச் சொன்னாள். பிறகு அவர் தன் கையாலேயே பொம்மைப் படகுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். "நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் தேர்வு ரத்து" என்றார்.

"பேச மாட்டேங்க."

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்த மனிதருக்கு விரிப்பு மடிக்கத் தெரியவில்லை. எந்த முனையை எந்தக் கையில் பிடிப்பது என்று தடுமாறினார். "அது இல்லைங்க, இடது கைய மேல தூக்குங்க. இப்ப என்னைப் பாத்து வாங்க. நேரா வாங்க" என்று அந்தப் பெண்மணி சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் நாக்கு விடுபட்டது. அதிகாரி கேள்வியைக் கேட்டார். விரிப்பு மடிந்தது, பதில் வந்தது. விரிப்பைப் பிரித்து உதறினார்கள், அடுத்த கேள்வி. விளக்கு, ஊதல், வளைவு, மூடுபனி, முந்திப்போவது, எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறையும் கணவர் கிட்டே வந்து முனையைக் கொடுக்கும்போது, உதடு இரண்டையும் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாராம். பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று, கல்யாணமான யாரையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அதிகாரி கேட்டார்: "படகு ஓட்டுறவங்களோட முதல் கடமை என்ன?"

"எப்பவும் கண்ணாலயும் காதாலயும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்." சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. "கண்ணு என்கிட்ட இருக்குங்க ஐயா. காது இவர்கிட்ட இருக்கு. ரெண்டு பேருமாத்தான் ஓட்டப் போறோம்."

கணவர் பேசவில்லை. பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாரே. கையிலிருந்த முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிப் பொம்மைப் படகுகளை வேண்டாத நேரத்தில் வரிசைப்படுத்தினார். பிறகு, "அந்த விரிப்பு அலுவலகச் சொத்து. துவைச்சுக் கொண்டுவந்து குடுத்துட்டு உரிமத்த வாங்கிட்டுப் போங்க" என்றார்.

அந்தப் பச்சை விரிப்பு எங்கள் கூடத்தில்தான் துவைபட்டது. வெளித்துணி உள்ளே வரக் கூடாது என்பது விதி. மேற்பார்வையாளர் அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஏதோ ஒட்டடை இருக்கிறதென்று அண்ணாந்துகொண்டார். அதை மடிக்க நீ முந்தி நான் முந்தி என்று எங்களுக்குள் தள்ளுமுள்ளு. கடைசியில் எதிர்க்கைதான் ஒரு முனையைப் பிடித்தார். புத்தகம் வந்த நாளிலிருந்து, கேள்வி எதுவும் கேட்காமல் அவர் மடித்த முதல் விரிப்பு அதுதான்.

கதை முடிந்தது. அக்கா, இனி மறுபடி தங்களிடமே பேசுகிறோம்.

வெக்கையில் வெந்தபோதும் வேட்கை வாடாதவரே! அடுத்தவர் அழுக்கை அலசிக்கொண்டே அகத்தின் ஆசையை அழுக்குப்படாமல் காத்தவரே! இப்படி ஒருவரோடுதான் இத்தனை காலம் ஒரே ஆவியை மூச்சாக இழுத்தோம் என்பதை எண்ணும்போது எங்களுக்கு மலைப்பாக இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்ததால் தங்கள் உயரம் எங்களுக்குத் தெரியவில்லை. நாளைக் காலை தங்கள் படகு தண்ணீரில் இறங்குகிறது. முதல் நடைக்கு நாங்கள் எல்லாரும் துறையில் நிற்போம். ஒரு தரம் ஊதினால் வலது, இரண்டு தரம் ஊதினால் இடது. எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோய் அண்டாத உடலோடும், நுரைத்தோடும் ஆற்றைப் போல ஓயாத ஊக்கத்தோடும், கண்ணும் காதுமாகத் தாங்கள் இருவரும், எஞ்சினும் எண்ணெயுமாகத் தங்கள் மகளும், கரைக்கும் கரைக்கும் நடுவே பல்லாண்டு போய்வர வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம்.

வழக்கமாக இதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொடுப்பார்கள், சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. உருளைக்காரரின் கையெழுத்தில், சாயம் போகாத மையில், பெரிய படுக்கை விரிப்பு ஒன்றின்மேல் எழுதியிருக்கிறோம். ஆரம்பத்திலிருந்து இரண்டு பேர் இதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லாரும் பார்க்கிறீர்கள், அவர்களுக்குக் கை கடுத்துவிட்டது. இதைத் தனியாக விரிக்கவும் முடியாது, தனியாக மடிக்கவும் முடியாது.

இதோ, ஒரு பக்கத்து முனைகள் தங்கள் கைக்கு வருகின்றன. மறுபக்கத்து முனைகளை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுக்கிறோம். எங்களில் யாரும் உதவிக்கு வர மாட்டோம். அவருக்கு இப்போது மடிக்கத் தெரியும்.

என்றும் தங்கள் எதிர்ப்பக்கம் நிற்கும்,
சலவைக்கூடத்துப் பணியாளர்கள்